அப்டேட் முடியும் வரை

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் எங்கள் வீடு சத்திரம்தான். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையிலும் உடம்பிலும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வேன் ஏறிக் குற்றாலம் போவார்கள். நான் வீட்டுக்குக் காவல். பிறந்ததிலிருந்தே கை கால் என் சொல் கேட்காது, பேச்சும் குழறும். "அனுசியாவுக்கு அங்கன வழுக்கும்" என்று அண்ணன் உச்சிமாகாளி ஒரே வரியில் முடித்துவிடுவான். இந்த ஊரில் பிறந்து இன்றுவரை அருவியில் நனைந்ததில்லை.

ஒரு விரலால் தட்டினால் என் லேப்டாப் எனக்காகப் பேசும். இந்த வருடம் அண்ணன் வாயடைத்துப்போகிற மாதிரி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அப்டேட் கேட்டு அது நச்சரித்தபோதெல்லாம் 'பிறகு' என்று தள்ளிவிட்டேன். ஆரம்பித்தால் லேசில் முடியாது.

எல்லாரும் எண்ணெய்த் தலையோடு கிளம்பி நின்றார்கள். நான் விரலை நகர்த்துவதற்குள் மதினி தங்கபுஷ்பம் குனிந்தாள். வீட்டைவிட்டுக் கிளம்பினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். அணைக்கப் போனவள் அப்டேட்டை அமுக்கினாள். எழுதியதைச் சேமிக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று வேறு அமுக்கினாள். 'கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், எட்டு சதவீதம்' என்று திரை நின்றுவிட்டது.

"வந்து பேசிக்கிடலாம்ட்டி, வேன் நிக்குது," என்றான் அண்ணன்.

வந்த ஆத்திரத்தில் சக்கர நாற்காலியைக் காலால் உந்தி வாசலுக்குக் குறுக்கே கொண்டுபோய், முழங்கையால் பிரேக்கை அழுத்தினேன். என் சொந்தக் குரலில் கத்தினேன். சொல் விளங்கியிருக்காது, கோபம் விளங்கியது.

"அவ என்னமோ சொல்ல வர்றா. கேட்டுட்டுத்தான் போவோமே," என்றாள் மதுரைச் சித்தி.

காத்திருந்தார்கள். எண்ணெயோடு உட்கார முடியாது, சுவரில் சாய முடியாது. அண்ணனுக்கு எண்ணெய் நெற்றியிலிருந்து கண்ணுக்குள் இறங்கியது. எரியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேன்காரர் ஹாரன் அடித்தார். நூறு சதவீதம் வந்து, அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

கடைசியில் திரை வந்தது. எழுதியதில் ஒரு வரி இல்லை. அண்ணன் லேப்டாப்பை என் மடியில் வைத்தான்.

"சொல்லித் தொலைட்டி!"

ஒரு பக்கத்தைத் திரும்ப எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன். லேப்டாப் நிதானமாகச் சொன்னது:

"எனக்கும் எண்ணெய் தேய்."

நான் பிரேக்கை எடுக்கவில்லை.