பத்து எண்ணும் வரை

ஓர் இனத்தின் மானம் அதன் எல்லைக்கல்லில் நிற்கிறது. நகரிப் பக்கத்து நெசவாளர் தெருவில், எல்லைக் கமிட்டிச் செயலாளர் கோவர்த்தனன் இதை வாரத்துக்கு மூன்று தடவை மேடையேறிச் சொல்வார். அவர் மனைவி கன்னியம்மாளின் மானமோ மூன்று வருஷமாக, நான்காய் மடித்த பழைய வேட்டித் துணியில் நின்றுகொண்டிருந்தது. தும்மினால் நனையும். இருமினால் நனையும். "ஓர் அங்குலமும் விடமாட்டோம்" என்று கோவர்த்தனன் முழங்கும்போது சிரிப்பு வந்து தொலைத்தால் அப்போதும் நனையும்.

நாலாவது பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாளே அவளைத் தறிக்குழியில் இறக்கிவிட்டார்கள். தீபாவளிச் சரக்காம். அன்று முதல் அடிவயிறு கனத்து, என்னவோ கீழே இறங்கி நிற்கிறாற்போல இருந்தது. புருஷனிடம் சொன்னாள்.

"இதெல்லாம் ஒரு பேச்சா மே? ஆந்திர ராஜ்ஜியம் வந்து புத்தூரையே முழுங்கிக்கினு கீது."

மாமியாரிடம் சொன்னாள். கிழவி வாயைப் பொத்தச் சொன்னாள். வைத்தியர் காது கேட்காதவர் போல விபூதி கொடுத்தார்.

கடைசியில், மலையடிவாரத்து அலிபிரியில் தேங்காய் உடைக்க வேண்டுதல் என்று பொய் சொல்லி, பக்கத்து வீட்டு சந்திரம்மாவோடு ரயிலேறித் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்சு ரத்தினம்மா, தெலுங்குக்காரி, அவளைப் படுக்க வைத்துப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. அதற்கே கன்னியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கர்ப்பப்பை கொஞ்சம் எறங்கியிருக்கும்மா. தாங்குற சதை தளர்ந்து போச்சு. மூத்திரத்தை அடக்குற மாதிரி உள்ளுக்கு இழு. பத்து எண்ற வரைக்கும் பிடி. அப்புறம் விடு. தினம் மூணு வேளை. கொடம் கிடம் தூக்கிடாதே. எங்க, நாத்தோ செப்பு, என்கூடச் சொல்லு: ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு..."

கன்னியம்மாள் எண்ணினாள். தறியில் எண்ணினாள், அடுப்படியில் எண்ணினாள். உடம்பு அதைத் தெலுங்கில்தான் கற்றுக்கொண்டது. தமிழில் எண்ணிப் பார்த்தாள், பிடி நிற்கவில்லை. ஆறாவது வாரம் ஒரு தும்மல் காய்ந்தே வந்து போயிற்று. அன்று தனக்குத் தானே பாயசம் வைத்துக் குடித்தாள்.

எந்த ஊர் எந்த ராஜ்ஜியத்துக்கு என்று பார்க்க, வீட்டுக்கு வீடு தாய்மொழி எழுதுகிற அதிகாரி வருகிறார் என்ற செய்தி அப்போதுதான் வந்தது. கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. தெருப் பெண்கள் இடுப்பில் நிறைகுடத்தோடு வரிசையில் நின்று அதிகாரியை வரவேற்க வேண்டும். முதலில் செயலாளர் மனைவி.

"கொடம் தூக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிகீறாங்க."

"ஆஸ்பத்திரியா? எப்போ போனே?"

"தேங்கா ஒடைக்கப் போனப்போ."

"எல்லைக்காவ ஒரு கொடம் தூக்க மாட்டியா மே? இன்னா பொம்பள நீ!"

"அப்போ வெறுங்கொடமாவது குடு."

"வெறுங்கொடம் அபசகுனம்."

காலை எட்டு மணிக்குப் பெண்களை வரிசையில் நிறுத்தினார்கள். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. யாரும் ஒதுங்கக் கூடாது, வரிசை கலைந்தால் இனத்துக்கே தலைகுனிவு என்று சொன்ன கோவர்த்தனன், தான் மட்டும் இரண்டு தடவை வேலிப்பக்கம் போய் வந்தார். கன்னியம்மாளுக்கு அடிவயிறு மறுபடி கனத்தது. ஊரே பார்க்கிற தெருவில், கால்வழியே ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு. பிடித்தாள், எண்ணினாள், விட்டாள், மறுபடி பிடித்தாள்.

பன்னிரண்டுக்கு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். வரிசையைப் பார்க்கவில்லை, நேரே புளியமரத்துக்குப் பின்னால் போனார். கமிட்டி உறுப்பினர்கள் இரண்டு பேர் ஓடிப்போய் மரியாதையாகத் துண்டை விரித்து மறைத்தார்கள்.

கன்னியம்மாளுக்கு நெஞ்சு கொதித்தது. நாலு மணி நேரமாக முப்பது பொம்பளை நிற்கிறோம், ஒருத்தனுக்கு இந்தத் துண்டு தோளிலிருந்து இறங்கியதா? கோபத்தில் பிடி நழுவப் பார்த்தது. கண்ணை மூடி, பல்லைக் கடித்து, உள்ளுக்கு இழுத்தாள். அதிகாரியோடு ஜீப்பில் வந்த குமாஸ்தா நோட்டோடு எதிரில் வந்து, "தாய்மொழி என்னம்மா?" என்று கேட்டது அவள் காதிலேயே விழவில்லை.

"ஆறு... ஏடு... எனிமிதி..." என்று அவள் உதடு முணுமுணுத்தது.

குமாஸ்தா தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

"ஏமே! தமிழ்ல பேசுடி!" கோவர்த்தனன் அலறினார். "சார், இவ தமிழச்சி சார்!"

கன்னியம்மாள் பத்து வரை எண்ணி முடித்தாள். பிறகு குடத்தை ணங்கென்று தரையில் வைத்தாள்.

"யோவ், மூணு வருசமா தமிழ்லதானே சொன்னேன்? கேட்டியா? எனக்கு எறங்கிப் போச்சுன்னேன், உனக்குப் புத்தூரு போச்சு. மானத்தோட நிக்கறதுக்கு ஒரு தெலுங்கு நர்சம்மாதான் சொல்லிக் குடுத்தா. உன் எல்லைய நீயே இடுப்புல தூக்கிக்கினு நில்லு."

அவள் புளியமரத்துப் பக்கம் நடந்தாள். சந்திரம்மா குடத்தை இறக்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எல்லாரும் இறக்கினார்கள்.

"துண்டப் புடிங்கய்யா!" என்றாள் சந்திரம்மா, போகிற போக்கில். யாரும் பிடிக்கவில்லை.

மையில் எழுதியதை அடிக்க விதியில்லை என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். அந்தத் தெருவின் கணக்கில் தெலுங்குக் குடும்பம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது எல்லைக் கமிட்டிச் செயலாளருடையது.