வாய் மாறிய சங்குகள்

இளவேனில் தலைகாட்டிய ஒரு புதன்கிழமைக் காலை. இங்கிலாந்தின் கார்ன்வால் வட்டாரத்துத் தென்கரையில், இரவெல்லாம் பால்மத் துறையைப் போர்த்திக் கிடந்த மூடுபனி, கதிரவன் கண்விழித்ததை உணர்ந்து மெல்ல மெல்லக் கலைந்து, நங்கூரம் பாய்ச்சி நின்ற அஞ்சற்கப்பல்களின் பாய்மரங்களை முதலிலும், அவற்றின் வடங்களை அடுத்தும், வடங்களில் வீற்றிருந்து அன்றைய பூசலைத் தொடங்கிவிட்ட கடற்காகங்களை இறுதியிலும் உலகிற்குக் காட்டிற்று. கடல் வற்றிப் பின்வாங்க, பாசி படர்ந்த பாறைகள் ஒவ்வொன்றாய் முதுகு காட்ட, மீனவப் பெண்டிர் பாவாடையை முழங்காலளவு செருகிக்கொண்டு, கூடையும் கையுமாய்ச் சேற்றில் இறங்கினர். குன்றின் சரிவிலே, சாம்பல்நிறக் கற்பலகை வேய்ந்த வீடொன்றின் புகைபோக்கி மட்டும் அவ்வேளையிலேயே மும்முரமாய்ப் புகைத்துக்கொண்டிருந்தது. செம்பு மெருகிடும் எண்ணெயின் நாற்றமும், புளித்த காடியின் நாற்றமும், ஓட்டைவிட்டு வெளிவராமல் உள்ளேயே மாண்டுபோன கடல்நத்தைகளின் நாற்றமும் கலந்து வீசிய அவ்வீட்டைக் கடக்கும்போது, பண்புடைய அண்டை வீட்டார் கைக்குட்டையையும் பண்பில்லாதார் விரல்களையும் மூக்கிற்குக் கொண்டு செல்வது வழக்கம்.

அவ்வீட்டிற்கு உரியவர் டிகரி பொலித்தோ. இருபதாண்டு காலம் போர்க்கப்பல் மருத்துவராய் மாலுமிகளின் கால்களை அறுத்துத் தள்ளியவர், இப்போது சங்குகளின் வரிகளை எண்ணி எழுதும் இயற்கை நூலறிஞராகிவிட்டார். நோயாளிகளைவிடச் சங்குகள் குறைவாய் முனகுகின்றன என்பது இம்மாற்றத்திற்கு அவர் சொல்லும் காரணம். அவருடன் வாழ்ந்தவள் அவர் தங்கை தாமசின். மணம் வேண்டாதவள், முப்பத்தெட்டு அகவையினள், நண்டின் காலிலுள்ள மயிரையும் எண்ணி வரையும் கண்ணினள். முன்பு டிகரி வெளியிட்ட நண்டு நூலின் படங்கள் யாவும் அவள் வரைந்தவையே. ஆயினும் அந்நூலின் முகப்பில் இருந்தது அண்ணன் பெயர். படங்களின் அடியில் இருந்தது அவற்றைச் செதுக்கிய இலண்டன் கைவினைஞன் பெயர். முன்னுரையின் கடைக்கோடியில், உப்புக்குச் சப்பாணியாய், 'வீட்டுக் கையொன்று உதவிற்று' என்றொரு வரி.

"வீட்டுக் கையா?" என்று அன்று தாமசின் கேட்ட குரலில் மேசைமேலிருந்த கிண்ணங்கள் நடுங்கின. "சரி அண்ணா. அந்த வீட்டுக் கை நாளையிலேர்ந்து உனக்கு சூப்பு காய்ச்சாது. உன் இலண்டன்காரனையே வரச்சொல்லிக் காய்ச்சிக்கோ."

மூன்று நாள் உலர்ந்த ரொட்டியை மென்றபின் டிகரிக்கு நீதி இன்னதெனப் புலப்பட்டது. சங்கு நூலின் படங்களை அவளே வரைந்து அவளே செதுக்குவதென்றும், ஒவ்வொரு படத்தின் அடியிலும் அவள் பெயர் மட்டுமே நிற்பதென்றும் உடன்பாடாயிற்று. வெள்ளிக் கரண்டிகளில் பெயர் வெட்டும் தட்டானொருவனிடம் சிற்றுளி பிடிக்கக் கற்று, எஞ்சியதை ஒரு பழைய கைந்நூலைப் படித்துத் தெளிந்து, ஈராண்டு கண்வலியோடு இருபத்துநான்கு செப்புத்தகடுகளை அவள் செதுக்கி முடித்தாள். ஆனால் அந்நூலை உலகம் காண ஒரு வாயில் திறக்க வேண்டியிருந்தது. அவ்வாயிலின் திறவுகோல், ஊர்ப் பாதிரியாரும் இலண்டன் அறிஞர் அவையின் உறுப்பினருமான ஆம்புரோசு விவியன் கையிலிருந்தது. வியாழனன்று உணவருந்த வருவார். தாள்கள் மனத்திற்குப் பிடித்தால் சனிக்கிழமை வண்டியில் தாமே இலண்டனுக்கு எடுத்துச்செல்வார். பெண்ணொருத்தியின் பெயர் அறிஞர் அவையில் கைமாறித் திரிவது முறையன்று, 'சீமாட்டி ஒருவர் வரைந்தது' என்றெழுதுவதே மரபு என்பது அவர் பலமுறை சொல்லியிருந்த கருத்து. படத்தைக் கண்டபின் அவர் மனம் மாறும் என்பது தாமசினின் நம்பிக்கை. இரண்டில் எது வெல்லுமோ என்னும் கவலையிலேயே அவள் அன்று விடியலில் எழுந்திருந்தாள்.

துரூரோ நகரிலிருந்து வாங்கிய பழைய உருளை அச்சுப்பொறி முந்தைய மாலைதான் வீடு வந்து சேர்ந்தது. ஆகவே, தன் தகடு தாளில் எவ்வாறு பதியும் என்பதை அவள் அன்றுவரை கண்டதே இல்லை. டிகரி சக்கரத்தைச் சுழற்ற, நனைத்த தாள் உருளைகளிடையே புகுந்து வெளிவர, தாமசின் அதைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்தது எதை? அறிவுசால் வாசகரே, நீவிரும் யானும் எதைப் பார்த்திருப்போமோ அதையே பார்த்தாள்: தன் பெயரை. தகட்டில் வெட்டியது தாளில் இடம்வலம் மாறி விழும் என்று கைந்நூல் எச்சரித்திருந்தமையால், 'தாமசின் பொலித்தோ வரைந்து செதுக்கியது' என்னும் வரியை அவள் எழுத்தெழுத்தாய்த் திருப்பி வெட்டியிருந்தாள். அது இப்போது நேராய், தெளிவாய், தலைநிமிர்ந்து நின்றது. அவள் அழுதாள். டிகரியோ உருப்பெருக்கும் ஆடியை எடுத்துச் சங்கின் வரிகளை எண்ணி, பதினான்கும் சரியென்று மகிழ்ந்தார். அடுத்த தகட்டையும் பதித்து, அவ்விரு தாள்களையும் மேசையில் பரப்பினர்.

அந்நேரம் பின்கட்டு வாயிலைத் திறந்துகொண்டு வந்தாள் கெசையா. கடல்நத்தை பொறுக்கி வீடுவீடாய் விற்பவள். இந்நூலின் சங்குகளில் பாதியைப் பாறையிடுக்கில் கண்டெடுத்துத் தந்தவளும் அவளே. கூடையை இடுப்பில் தாங்கியபடி முதல் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, இதெந்தக் கடல்ல புடிச்சது?"

"நீ குடுத்ததுதான் கெசையா. போன வருசம், பெரிய காத்தடிச்ச மறுநாளு."

"நானா? ஆளை விடுங்க தாயி! நாப்பது வருசமா ஊசியை வெச்சுச் சதையைத் தோண்டுறவ நானு. வலக்கையில புடிச்சு ஒரு திருகு திருகுனா வாகா வந்துரும். இதுல தோண்டணும்னா நான் செத்து இடக்கைக்காரியாப் பொறந்து வரணும்."

சொன்னதோடு நில்லாமல் கூடையிலிருந்து ஒரு சங்கை எடுத்து, நுனி மேலாய்ப் படத்தருகே நிறுத்தினாள். சங்கின் வாய் வலப்புறம் திறந்திருந்தது; படத்தின் வாய் இடப்புறம் திறந்திருந்தது. பெயரைத் திருப்பி வெட்ட நினைவிருந்தவளுக்குச் சங்கைத் திருப்பி வெட்ட நினைவில்லை! கரண்டியில் பெயர் வெட்டுபவனுக்கு எதையும் திருப்பும் தேவையில்லை. அவனிடம் பழகிய கை, கண்ணெதிரே இருந்த சங்கை இருந்தவாறே செப்பில் இறக்கிவிட்டது. இருபத்துநான்கு தகடுகளிலும் இதே கதை. கடவுள் வலப்புறம் வைத்த வாயை ஈராண்டு உழைத்து இடப்புறம் மாற்றியிருந்தாள் தாமசின்.

முதலில் வாய் திறந்தவர் டிகரி.

"விடு தாமசின், யாரு கவனிக்கப் போறா? இலண்டன்காரன் தட்டுல வந்த சதையைத் தின்னிருப்பான். ஓட்டை எங்க கண்டான்?"

"பாதிரியார் வீட்டுல பன்னெண்டு அலமாரி நிறைய ஓடுதான் இருக்கு அண்ணா."

"தூசி பறக்கும்னு அவரு அதைத் தொறக்கறதே இல்லை."

"நான் பார்த்துட்டேன். அது போதாதா?"

மீண்டும் செதுக்க இன்னும் ஈராண்டு வேண்டும். பாதிரியார் வருவதோ நாளை. தாமசினுக்குச் சினம் வந்தது, தன்மீதே. முதல் தாளைத் தூக்கியவுடன் சங்கைப் பார்த்திருந்தால் தான் ஓவியக்காரி; பெயரைப் பார்த்ததால் தான் வெறும் பேராசைக்காரி என்று வாய்விட்டே சொல்லி அரற்றினாள். அவளைத் தேற்ற விரைந்த கெசையா, இடுப்புக் கூடையை எங்கேனும் இறக்கவேண்டுமே என்று, மேசைமேல் வெள்ளைத்தாள் விரித்திருந்த இடம் பார்த்துத் தொப்பென்று வைத்தாள். கால்மணங்கு எடை நத்தை!

"ஐயோ, அதுக்கடியில ஈரம் காயாத படம் இருக்கு!" என்று கூவினாள் தாமசின்.

இரண்டாவதாய்ப் பதித்த தாளின்மீது தூசி விழாதிருக்க மூடிய நனைந்த வெள்ளைத்தாள் அது. கூடையைத் தூக்கினார்கள், மூடுதாளை உரித்தார்கள், கெசையா மன்னிப்புக் கேட்கத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மூடுதாளின் அடிப்புறத்தில், கூடை அழுத்திய அளவிற்கு, ஈர மை ஒற்றிக்கொண்டு இன்னொரு சங்கு தோன்றியிருந்தது. கோடுகள் கரிக்கோலால் இழைத்தாற்போல் மெல்லியவாய், வண்ணம் தீட்டுவதற்கென்றே வெளிறி நின்றன. அதன் வாய் வலப்புறம் இருந்தது.

திரும்பியதை மீண்டும் திருப்பினால் நேராகும் என்பதை உணர டிகரிக்கு இரண்டு நொடியும், தாமசினுக்கு அரைநொடியும் ஆயின. கெசையாவின் கைகளைப் பற்றிக்கொண்டு அவள் அடுப்பைச் சுற்றி ஆடிய ஆட்டத்தில் நத்தைகள் நாற்புறமும் உருண்டோடின. உடனே வேலை தொடங்கிற்று. தகட்டிலிருந்து ஒரு தாள். அது காயுமுன் அதன்மேல் வேறொரு தாள் வைத்து மீண்டும் உருளையில் ஓர் ஓட்டம். போர்க்கப்பலில் வியர்க்காத டிகரி சக்கரத்தருகே வியர்த்துக் கொட்டினார்.

மூன்றாவது தாள் வெளிவந்தபோதுதான் தாமசின் அடிவரியைக் கண்டாள். சங்கு நேரானதும் பெயர் புரண்டுபோயிருந்தது. எறும்புச்சாரை தலைகீழாய் நடந்ததுபோல் ஏதோ கோணல்மாணலாய்க் கிடந்ததேயன்றி, அதைப் பெயரென்று எவரும் சொல்லார். சிற்றுளி பட்ட செம்பைச் சுரண்டி, பின்புறம் தட்டி மேடாக்கி, மெருகிட்டு, புதிதாய் வெட்ட ஒரு பெயருக்கே ஒரு நாள் செல்லும். இருபத்துநான்கிற்குக் கேட்கவே வேண்டா.

"அந்த இடத்துல ஒரு காகிதத் துண்டை ஒட்டி மறைச்சுட்டாப் போச்சு," என்றார் டிகரி. "இப்போதைக்குச் 'சீமாட்டி ஒருவர்'னு எழுதி அனுப்புவோம். பாதிரியாருக்கும் சந்தோ..." தங்கையின் முகம் கண்டு எஞ்சியதை விழுங்கினார்.

ஒருமுறை பெயரின்றிப் படியிறங்கிய படம் என்றைக்கும் பெயரின்றியே திரியும் என்பதை நண்டு நூல் தாமசினுக்குக் கற்பித்திருந்தது. ஒட்டிய துண்டில் கையால் எழுதும் பெயரையோ இலண்டனில் எவரும் உரித்துவிடலாம். முதல் தாளில் நேராய் நின்ற அப்பெயரை மீண்டும் ஒருமுறை படித்தாள். எனினும் அதற்காக இருபத்துநான்கு உயிர்களின் வாயைக் கோணலாக்கி உலகிற்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை.

"சங்கு சரியாப் போகட்டும்," என்றாள் முடிவாக. "பேரை மறைக்காதே. புரண்டே கிடக்கட்டும். சக்கரத்தைச் சுத்து அண்ணா."

மறுநாள் நண்பகலில் பாதிரியார் விவியன் வந்தார். மீன்வடையும் குங்குமப்பூ ரொட்டியும் தத்தம் இடத்தில் அடங்கியபின், விரலைத் துடைத்துக்கொண்டு தாள்களைக் கேட்டார். பார்க்குமுன் மார்ச்சட்டைப் பையிலிருந்து சங்கொன்றை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். டிகரி தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க டாக்டர். போன மாசம் பாரிசுலேர்ந்து ஒரு புத்தகம் வந்துச்சு. அத்தனை சங்குக்கும் வாய் இடப் பக்கம்! அப்படியே திருப்பி அனுப்பிட்டேன்."

ஒவ்வொரு தாளாய்ச் சங்கோடு ஒப்பிட்டார். பார்க்கப் பார்க்க அவர் புருவம் உயர்ந்தது, மூக்குக்கண்ணாடி இறங்கிற்று, இருபத்துநான்காவதை வைத்தபோது, தேவாலயத்தில்கூட அவரிடம் யாரும் காணாத பணிவு அவர் முகத்தில் இருந்தது. பின்பு அடிவரியில் கண் நின்றது.

"இதென்ன? எல்லாத்துலயும் இருக்கு. ஏதாவது பழைய பாசையா?"

தாமசின் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். கற்றறிந்தோர் முன் படிக்க இயலாத வரியொன்றை வைத்தால் அவர்கள் உறங்குவரோ? எபிரேயமாய்ப் படித்துப் பார்த்தார். தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தார். முதுகுப்புறம் திருப்பி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தும் தாள் தடிப்பாதலின் ஒன்றும் தெரியவில்லை. இறுதியில் பொறிதட்டியவராய் எழுந்து, கணப்படுப்பின் மேலிருந்த நிலைக்கண்ணாடியின் முன் தாளைப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திருமறை ஓதும் தம் கணீரென்ற குரலில் எழுத்துக் கூட்டி வாசித்தார்:

"தா... மசின்... பொலித்தோ... வரைந்து... செதுக்கியது."

வாசித்தபின்தான் எதை வாசித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. கண்ணாடியை மீண்டும் நோக்கினார்.

"இதுல பேரு நிமிர்ந்துடுச்சு. ஆனா சங்கு கவுந்துடுச்சேம்மா!"

"ஆமாங்கய்யா," என்றாள் தாமசின். நடந்த பிழையை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். "ரெண்டுல ஒண்ணுதான் நேரா நிக்க முடியும்னு ஆயிடுச்சு. சங்கே நிக்கட்டும்னு விட்டுட்டேன். என் பேரு வேணுங்கிறவங்க கண்ணாடி முன்னால போய் நிக்கட்டும்."

பாதிரியார் தாளைப் பார்த்தார், தாமசினைப் பார்த்தார், கண்ணாடிக்குள் வாய்பிளந்து நின்ற தம் உருவத்தைப் பார்த்தார். பார்த்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வேணாம் வேணாம்னு சொன்னவன், நானே முதல் ஆளா வந்து நின்னுட்டேனே!"

சனிக்கிழமை வண்டியில் தாள்கள் இலண்டன் சென்றன; எந்த அடிவரியும் மறைக்கப்படவில்லை, எந்தச் சீமாட்டியும் சேர்க்கப்படவில்லை. அறிஞர் அவை கூடிய நாளில் பொய்ம்மயிர் சூடிய பெரியோர் பதினேழுபேர், கூடத்திலிருந்த ஒரே கண்ணாடியின் முன் வரிசைகட்டி நின்று, ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டி, அப்பெயரை உரக்கப் படித்தனர் என்று பாதிரியார் மடல் எழுதினார். நூலும் வெளிவந்தது. பிற்காலத்தில் தகடுகளைத் திருத்த வேண்டிய நேரம் கிடைத்தும் தாமசின் திருத்தவில்லை. அண்ணன் கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பிவிட்டாள். வாசகரே, இவ்வுலகில் நேராய் எழுதி நிறுத்திய பெயர்கள் எத்தனையோ. போகிற போக்கில் கண்ணில் பட்டு, போகிற போக்கிலேயே நாம் மறந்தவை அவை. செய்பொருளை முன்னே நிறுத்தித் தன் பெயரைப் பின்னே விட்டவள் தாமசின். அவள் பெயரை, இருக்கையை விட்டெழுந்து தேடிச்சென்று படித்தவர் ஒருவரும் அதை மறந்திலர்.