மூன்று சந்தனப் பொட்டு

போன வருடம் எங்கள் ராக்கெட் தலைகுப்புற வந்து கருவேலங்காட்டில் விழுந்து சிதறியது. இரண்டு அடுக்கு ராக்கெட். கீழ் அடுக்கு ஒழுங்காக எரிந்து கழன்றது. மேல் அடுக்கு பற்றவே இல்லை, பாராசூட்டும் விரியவில்லை. நான் மதன்குமார், அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் வாத்தியார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இருபது மாணவர்கள் முன்னால், "சாலிடரு வைக்கத் தெரியாதவன்லாம் ராக்கெட்டு விட வந்துட்டான்" என்று கத்திவிட்டேன். மேல் அடுக்கைப் பற்றவைக்க உள்ளே இருந்த எலெக்ட்ரானிக் போர்டைச் செய்தவன் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார் ஜெபக்குமார்.

அன்றிலிருந்து அவன் என்னை "ஏலே" என்று கூப்பிடவில்லை. பதினொரு வருடம் என் டிபன் பாக்ஸில் கை போட்டவன், "சொல்லுங்க மதன்" என்கிறான். கன்னத்தில் ரெண்டு வைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாணவர்கள் கெஞ்சியதால் இந்த வருடமும் போர்டு செய்து கொடுத்தான். இதுவும் பற்றாவிட்டால் அத்தோடு விலகிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். விலகினால் ராக்கெட் மட்டுமா போகும்?

நரிக்குடிப் பக்கம் வறண்ட கண்மாய்க்குள் ஒரு நாள் அனுமதி. காலை ஒன்பது மணிக்கு, என்னைவிட ஒரு முழம் உயரமாக ராக்கெட் நின்றது. நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். புதுத் தறியோ பைக்கோ, பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் எதுவும் ஓடியதில்லை. போன வருடமும் வைத்தேன். அப்போது ஜெபா ஒதுங்கி நின்று கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தான். அவரவர் சாமியை அவரவர் கூப்பிட்டுக்கொள்வோம்.

ஆடு மேய்க்க வந்த சங்கையா, பாதுகாப்புக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று ஜெபாவிடம் கேட்டார்.

"எம்புட்டு ஒசரம் போயிருக்கோம்னு அதுக்கு எப்படித் தெரியும் தம்பி?"

"மேல போகப் போகக் காத்து கொறையும்லண்ணே. நடுவுல சுத்தி மூணு ஓட்டை இருக்கு பாருங்க. அது வழியாத்தான் காத்து கொறையுறது போர்டுக்குத் தெரியும். தெரிஞ்சாத்தான் மேல உள்ளதைப் பத்தவைக்கும், பாராசூட்டையும் விரிக்கும்."

என் விரல் சந்தனத்தோடு அப்படியே நின்றது.

அந்த ஓட்டைகளைப் போட்டது நான்தான். படத்தில் இருந்தது, போட்டேன், எதற்கென்று கேட்கவில்லை. சம இடைவெளியில் இருக்கிறதே, பொட்டுக்குத் தோதான இடம் என்று போன வருடம் மூன்றின் மேலும் கெட்டிச் சந்தனத்தை அப்பியிருந்தேன்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"ஜெபா, போன வருசம் அந்த மூணு ஓட்டையையும் சந்தனத்தை வச்சு அடைச்சது நான்தான். ஒன் போர்டுல ஒரு கொறையும் இல்ல. அன்னைக்கு இவங்க எல்லாரு முன்னாலயும் திட்டுனேன். அதான் இவங்க முன்னாலயே சொல்றேன்."

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு ஓட்டைகளைப் பார்த்தான்.

"அந்தப் போர்டு மாதிரியே நாலு செஞ்சு பாத்தேன். நாலும் வேலை செஞ்சுச்சு. ராத்திரி தூக்கமில்ல, எங்க தப்பு விட்டேன்னு."

"மன்னிச்சிரு."

அவன் மூன்று ஓட்டைகளிலும் ஒரு ஊசியை விட்டுப் பார்த்தான். எல்லாம் சுத்தமாக இருந்தன.

"பொட்டைக் கீழ றெக்கையில வைங்க" என்றான்.

வைத்தேன். அவன் தள்ளிப்போய்க் கண்ணை மூடினான். பிறகு எல்லோரும் கண்மாய்க் கரைக்குப் போனோம். பட்டனை அவனிடம் நீட்டினேன்; வாங்கி அழுத்தினான்.

புழுதி கிளம்பியது. ஆடுகள் சிதறி ஓடின. கீழ் அடுக்கு எரிந்து முடிந்து கழன்றது. அதற்குப் பிறகு மேலே சத்தமே இல்லை. ஒரு நொடி. இரண்டு நொடி. போன வருடமும் இப்படித்தான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதுகில் பொளேரென்று ஓர் அடி விழுந்தது.

"ஏலே மதனு! மேல பாருலே, பத்திருச்சு!"

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் வெள்ளைக் கோடு ஒன்று மட்டும்தான் தெரிந்தது.