பன்னிரண்டு முதல் மூன்று வரை

கோயம்புத்தூரில் ஒரு வேளாண் ஆராய்ச்சி மையத்தின் வானிலைப் பிரிவில் புவனாவுக்கு வேலை. விவசாயிகளின் கைப்பேசிக்குப் போகும் குரல் செய்தியை அவள்தான் பேசிப் பதிவு செய்வாள். அந்த ஏப்ரலில் செய்தியில் மாற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மழைக்கு வாய்ப்பில்லை. வெயில் வழக்கத்தைவிட அதிகம். பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை வெளியில் வேலை செய்ய வேண்டாம்.

ஆனைமலைப் பக்கத்தில் அவள் குடும்பத்தின் தென்னந்தோப்பில் ஆழ்துளைக் கிணறு பங்குனியிலேயே வற்றிவிட்டது. வளர்ந்த மரங்கள் எப்படியும் தாங்கும் என்று விட்டுவிட்டு, புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளுக்கு மட்டும் அப்பா பாலுசாமி லாரித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரம் முழுக்க லாரிக்குக் காத்துக் கிடந்தது. காலையில் வா, மாலையில் வா என்று யாரும் கேட்க முடியாது. வருகிற நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்கு லாரி உச்சி வெயிலில் வந்தது. வேறு இடத்தில் போர் போட ஆள் பார்க்கப் பாலுசாமி பொள்ளாச்சிக்குப் போயிருந்தார். அம்மா மயிலாத்தாள் தனியாக லாரியின் ஓஸ் குழாயை இழுத்துப் பிடித்துக் கன்று கன்றாக நீர் விட்டாள். பாதிக் கன்றுகள் நனைந்தபோது சுருண்டு விழுந்தாள். லாரி ஓட்டி வந்த கலீல் ரஹ்மான் மிச்சத் தண்ணீரை அவள் மேல் பாய்ச்சி, தூக்கி லாரியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். புவனா பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

புவனா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். யாரோ கட்டிக்கொண்டு அழுதபோது, அவர்கள் விடுகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

காரியம் முடிந்த அன்று கலீல் ரஹ்மான் வந்தார். பந்தலுக்குள் வராமல் ஓரமாகவே நின்றவரிடம் புவனா போனாள்.

"நெழல்ல உக்காருங்கம்மா, நான் பாச்சறேன்னு சொன்னனுங்க. கேக்கலீங்க. அந்நேரம் பாத்து உங்க சேதி போன்ல வந்துச்சு. எனக்கும் போட்டுக் காட்டுனாங்க."

"கேட்டுப்போட்டு என்ன சொன்னாங்க?"

"எங்க புவனா பேசறா, எத்தனை தெளிவாப் பேசறா பாருங்கன்னாங்க. கடைசி வரைக்கும் கேட்டாங்க. அப்பறம் போனை உள்ள வெச்சுப்போட்டு ஓஸை எடுத்துட்டாங்க."

புவனா தலையாட்டினாள். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

எல்லாரும் போன பிறகு பாலுசாமி வாசலில் வந்து உட்கார்ந்தார். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. காற்று அசையவில்லை.

"இந்த வெயிலு எங்கிருந்து கண்ணு வருது?"

சும்மா கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆபீசில் சொல்வது போலவே சொன்னாள். உலகத்துக்கு அந்தப் பக்கம் பசிபிக் கடல் போன வருஷமே சூடேறிவிட்டது. அங்கே கடல் சூடானால் இங்கே காற்றின் போக்கு மாறுகிறது, ஆனி ஆடி மழை குறைகிறது. போன வருஷம் குறைந்தது அதனால்தான். அது வந்து போகிற சங்கதி. ஆனால் எரித்த கரியும் எண்ணெயும் சேர்ந்து மொத்த பூமியையே சூடாக்கி வைத்திருக்கிறது. அது போகாது. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்த வருஷம் இது.

பாலுசாமி கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டார்.

"இப்பிடி வரும்னு முன்னாலயே தெரியுமா?"

"தெரியுமுங்கப்பா. போன வருசமே தெரியும்."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் அவர் கலீல் ரஹ்மானுக்குப் போன் செய்து இனிமேல் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆபீசில் கூட வேலை பார்க்கும் மோகனப்பிரியா, கொஞ்ச நாளைக்குப் பதிவைத் தான் பேசுவதாகச் சொன்னாள். புவனா வேண்டாம் என்றாள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அதே வரிகளைப் பேசினாள். குரல் எங்கும் தடுமாறவில்லை, திரும்பப் பேச வேண்டியிருக்கவில்லை. சங்கடப்பட்டது மோகனப்பிரியாதான்.

மே மாதம் நடுவில் மழை வந்தது. வரும் என்று செய்தியில் சொன்னவளும் புவனாதான். நிறைய விவசாயிகள் போன் செய்து சந்தோஷப்பட்டார்கள். எல்லாருக்கும் சரிங்க, நல்லதுங்க என்று பதில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். பட்டுப்போன தென்னம்பிள்ளைகளைப் பாலுசாமி பிடுங்கி வேலியோரம் போட்டிருந்தார். ஈர மண்ணில் குழிகள் மட்டும் தெரிந்தன. இனி இந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் வைக்கவில்லை, கிடக்கட்டும் என்றார்.

இரண்டு பேருமாக ஒவ்வொரு குழியாக மண் தள்ளி மூடினார்கள். வேலை முடிந்து கை கழுவும்போது அவளுக்குப் பசித்தது. அப்பா வடித்து வைத்திருந்த சோற்றில் மோர் விட்டுச் சாப்பிட்டாள். அவருக்கும் போட்டுக் கொடுத்தாள்.