ஓடும் எழுத்து

அன்று காலையில் மட்டும் பதினேழாவது தடவையாக அம்மா ஹாலுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள். திரை கரும்பலகை மாதிரி இருண்டு கிடந்தது. கையிலிருந்த துணியால் அதைத் துடைத்தாள். துடைத்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்பதுபோல இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தாள்.

"என்னம்மா தேடுற?" என்று கேட்டாள் சின்னவள். அவள் படுக்கையறை வாசலில் நின்றிருந்தாள். கையில் அப்பாவின் உதட்டை நனைப்பதற்கான ஈரப் பஞ்சு.

"தூசிடி."

மூன்று நாளாக அதே பதில்தான். அம்மா துடைத்த துடைப்பில் அந்தத் திரை பாதியாய் மெலிந்திருக்க வேண்டும்.

உள்ளே அப்பா கட்டிலில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீடுதான் என்று அனுப்பிவிட்டார்கள். குரல் முதல் நாளே போய்விட்டது. கண் மட்டும் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் வந்த நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, சின்னவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "இன்னிக்குத் தாண்டாதும்மா. சொல்ல வேண்டியதச் சொல்லிடுங்க," என்றாள். பெரியவனுக்குப் போன் போட்டாயிற்று. அவன் வந்து சேர ராத்திரி ஆகிவிடும்.

அப்பா முப்பத்து நான்கு வருஷம் மானிட்டர் மெக்கானிக். இப்போது வருகிற அப்பள மானிட்டர் இல்லை. முன்னால் முகமும் பின்னால் தொப்பையுமாக ஆள் கனம் கனக்குமே, அது. அப்படி ஒன்றை மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போனால் அவர் இரண்டு அங்குலம் குள்ளமாகிவிடுவார். தூங்கி எழுந்தால்தான் பழைய உயரம் திரும்பும். ஒரே எழுத்து நாள் கணக்கில் நின்றால் அந்தக் கண்ணாடியில் தழும்பாகப் படிந்துவிடும். ஒரு அலுவலகத்தில் 'அடுத்த கவுண்டருக்குச் செல்லவும்' என்ற வரி படிந்த மானிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆட்களை அடுத்த கவுண்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்ததாம். குப்பை வண்டிக்காரர்கூட அதைப் படித்துவிட்டு அடுத்த கவுண்டரில் போய் நின்றாராம். அதனால் போகிற இடமெல்லாம், "ஸ்கிரீன்சேவர் போட்டீங்களா?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. யாரும் தொடாமல் கிடக்கும் திரையில் எதையாவது ஓடவிட்டு, எழுத்து படியாமல் காக்கிற வித்தை அது. 'சேவர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட 'சேவர் அவர்களுக்கு' என்று எழுதி அனுப்புவார்கள்.

சின்னவள் ஒரு பெரிய கம்பெனியில் ஆயிரத்து இருநூறு கம்ப்யூட்டர்களை மேய்க்கிறவள். அப்பாவும் மகளும் ஒரு கூரையின் கீழ் சேர்ந்தால் இந்த ஒரு வழக்குதான் நடக்கும்.

"அப்பா, அது கண்ணாடிக் குழாய் காலத்து வியாதி. இப்ப வர்ற சாதாரணத் திரையில எதுவும் படியாது. சும்மா விட்டா தானே அணைஞ்சுக்கும். நீங்க ஓட விடறது வெட்டிக் கரண்ட்."

"எதுவுமே படியாதா?"

"படியாது."

"எதுவும் மனசுல நிக்காத ஆளுங்க இருக்காங்களே, அந்த மாதிரின்னு சொல்லு."

வழக்கு அதோடு அடுத்த விடுமுறைக்கு ஒத்திவைக்கப்படும்.

பத்து நாளைக்கு முன்னால், அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, மாற்றுத்துணி எடுக்க அவள் வீட்டுக்கு ஓடிவந்தாள். ஆளில்லாத வீட்டில் திரையில் ஏதோ எழுத்து வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் ஸ்கிரீன்சேவரை நிறுத்தி, இரண்டு நிமிஷத்தில் திரை அணைகிற மாதிரி வைத்துவிட்டுப் போனாள். ஓடியது என்ன எழுத்து என்று பார்க்கவில்லை. ஆயிரத்து இருநூறு திரைகளைப் பார்க்கிறவள் எந்தத் திரையையும் படிப்பதில்லை.

மத்தியானம் பதினெட்டாவது தடவை அம்மா வந்தபோது துணிகூட இல்லை. வெறுங்கையோடு நின்றாள்.

"ஏண்டி, இதுல எழுத்து ஓடுமே. இப்ப ஏன் ஓட மாட்டேங்குது?"

"நான்தாம்மா நிறுத்தினேன். வீணாத்தானே ஓடுது."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நீயா? நான் என்னமோ அவர் படுத்ததும் அதுவும் படுத்துடுச்சுன்னு நெனச்சேன்."

"ஏம்மா, அதுல என்ன?"

அம்மா படுக்கையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஊரார் காதில் விழக்கூடாத சங்கதி சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"பதினோரு வருஷம் முன்னாடி உங்க அப்பா நாலு பேர் முன்னால 'இவளுக்குக் காது மந்தம்'னுட்டார். அவர் வாய்க்குள்ள முணுமுணுப்பார், என் காது மந்தமா? 'இனிமே என் காதுல எதையும் போடாதீங்க'ன்னு சொன்னேன். மறுநாள் காலையில பாத்தா இதுல ஓடுது, 'பால் பொங்குது'ன்னு."

"பொங்கிச்சா?"

"அடுப்பெல்லாம் பாலு. வாயத் தொறந்து சொல்லக் கூடாதா மனுஷன்?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நான் 'பாத்தேன்'னு தட்டி வச்சேன்."

அன்றிலிருந்து அதுதான். சண்டை ஒரு மாதத்திலேயே செத்துப்போனது. பழக்கம் மட்டும் தின்று தூங்கி வளர்ந்துவிட்டது. 'மழை. துணி.' 'எடுத்தாச்சு.' 'முதுகு வலி.' 'தைலம் அலமாரில.' ஓட வேண்டியதை எழுதும் பெட்டியில் இத்தனை எழுத்துக்கு மேல் ஏறாது. தந்தி மாதிரிதான் குடும்பம் நடத்த வேண்டும். பிள்ளைகள் வந்தால், "உங்க அம்மாகிட்டச் சொல்லு", "உங்க அப்பாவக் கேளு" என்றே ஓட்டிவிடுவார்கள். வரும்போதெல்லாம் அதைக் கேட்டிருந்தும், எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்று சின்னவளும் விட்டுவிட்டிருந்தாள்.

"விழுந்தாரே, அன்னிக்குக் காலையில ரொம்ப நேரம் இதுகிட்ட உக்காந்திருந்தார்," என்றாள் அம்மா. "நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கீழ கெடந்தார். என்ன எழுதினாரோ. எழுதினாரோ இல்லையோ."

சின்னவளின் காது சூடாகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தான் வைத்த இரண்டு நிமிஷக் கணக்கை எடுத்துவிட்டு, நிறுத்திய ஸ்கிரீன்சேவரை மறுபடி தேர்ந்தெடுத்தாள். எழுத்துப் பெட்டி திறந்தது. எழுதியது எங்கேயும் போகவில்லை. பத்து நாளாக உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

'மாத்திரை கீழ் தட்டுல. நாற்காலி போட்டு ஏறா'

"முடிக்கவே இல்லியேம்மா. 'ஏறா'ன்னு நிக்குது."

"ஏறாதே," என்றாள் அம்மா. "'தே'க்கு இடம் பத்தல."

பத்து நாள் அலைச்சலில் தன் மாத்திரையையே மறந்திருந்தவள் அடுப்படிக்குப் போனாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம். அப்புறம் குழாய்த் தண்ணீர் சத்தம். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"எந்திரி. நான் பதில் போடணும்."

சின்னவள் எழுந்தாள். அம்மா ஆள்காட்டி விரலை நீட்டி, கோழி கொத்துவதுபோல ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் கொத்தினாள். ஒன்றை அழித்தாள். மறுபடி கொத்தினாள். அந்த வேகத்தில் ஒரு காவியம் எழுதினால் நாலு தலைமுறை ஆகும். 'சரி. ஏறல.' அவ்வளவுதான் எழுதினாள்.

"இங்க ஓடினா அவர் எப்படிப் பாப்பார்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு படையெடுப்பே நடந்தது. சின்னவள் மேசையோடு கம்ப்யூட்டரைத் தள்ளினாள். வாசற்படியில் மேசைக்கால் மாட்டியது. ஒயர் எட்டவில்லை. மாடி வீட்டில் இருந்த அப்பாவின் பழைய கடைக் கூட்டாளி, ஈயம் பற்றவைக்கும் வேலையால் எல்லாரும் 'சால்டரிங்' என்று கூப்பிடும் மனிதர், சத்தம் கேட்டு ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்காமல் மேசையை ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தார். மேலே போய் அவர் கொண்டுவந்த நீட்டு ஒயர் ஊரைச் சுற்றி இரண்டு சுற்று வரும்.

"எதுக்கும்மா இது, இந்த நேரத்துல?" என்றாள் நர்ஸ். அப்பாவின் மூச்சு இப்போது விட்டு விட்டு வந்தது.

"ஒரு வேலை பாக்கி," என்றாள் அம்மா.

திரை கட்டிலுக்கு நேராக நின்றது. சின்னவள் மவுசைப் பிடித்தாள். "முன்னோட்டம்னு ஒரு பட்டன் இருக்கும்மா. அமுக்கினா உடனே ஓடும்."

"அது வேணாம்."

"அம்மா, நேரம் இல்லம்மா."

"அது வெள்ளோட்டம்டி. அவருக்குத் தெரியும். ஒரு நிமிஷம் யாரும் தொடாம இருந்தா தானா வரும். அப்படித்தான் நாங்க பாப்போம். கைய எடு."

சின்னவள் கையை எடுத்தாள். ஒரு நிமிஷத்துக்குக் குறைத்து வைக்க அந்தப் பெட்டியில் வழியில்லை. ஆயிரத்து இருநூறு கம்ப்யூட்டர்களை மேய்க்கிறவளாலும் முடியாது. அவள் அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். ஏறியது. நின்றது. அப்படியே நின்றது. ஊரிலுள்ள கடிகாரமெல்லாம் முள்ளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. இவள் நான்கு தடவை மூச்சு விட்டு முடித்த பிறகு அது மெல்ல இறங்கியது. அம்மா அப்பாவைப் பார்க்கவே இல்லை. பதினோரு வருஷமும் இந்த ஒரு நிமிஷத்தில் எப்படி உட்கார்ந்திருப்பாளோ, அப்படியே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரை கறுத்தது. வலது ஓரத்தில் ஒரு 'ச' தலை நீட்டியது.

அப்பாவின் கண் அதைப் பிடித்தது. 'சரி' வந்தது. புள்ளி வந்தது. 'ஏறல' வந்தது. கண் எழுத்தோடு கூடவே இடது ஓரம் வரைக்கும் போய் விட்டுவிட்டு, மறுபடி வலது ஓரத்துக்கு வந்து காத்திருந்தது. அப்படி மூன்று தடவை. நான்காவது தடவை அவர் திரையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"என்னங்க?" என்றாள் அம்மா, சத்தமாக. குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

நிமிர்ந்தபோது மணி மூன்றேகால். நர்ஸ் நாடி பார்த்துவிட்டு, கையை மெல்லப் போர்வைக்குள் வைத்தாள்.

"என்னம்மா சொன்னார்?" என்று சின்னவள் கேட்டாள்.

"கேக்கலடி," என்றாள் அம்மா. "காது மந்தம்தான் போல."

நாலு மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. பக்கத்து வீடு, எதிர் வீடு, கடையில் கூட வேலை பார்த்தவர்கள், அவர் கையால் மானிட்டர் பிழைத்தவர்கள் என்று அறை கொள்ளாமல் ஆட்கள். அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். யாரும் மேசையை நகர்த்தச் சொல்லவில்லை. எழுத்து பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் சிலர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்கள்.

எதிர்வீட்டு அம்மாள் இடம் தேடி ஒதுங்கியதில் அவளுடைய முழங்கை மவுசில் பட்டது. திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. எழுத்து போய்விட்டது.

அம்மா தலையைத் தூக்கினாள்.

"ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்?" என்று எதிர்வீட்டு அம்மாள் மறுபடி மவுசுப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். சின்னவள் அந்தக் கையை நடுவழியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல அத்தை. தானா வரும். ஒரு நிமிஷம் யாரும் தொடாம இருங்க."

என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை. சால்டரிங் மூக்குறிஞ்சுவதை நிறுத்தினார். நர்ஸ் பையின் ஜிப்பைப் பாதியில் விட்டாள். பேச்சு ஒவ்வொரு மூலையாக அடங்கியது. அப்போதுதான் வந்து சேர்ந்த தபால்காரர், ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், வாசலில் ஒற்றைக் காலில் நின்றார்.