பிறர் புத்தகங்களுக்கு மட்டும் இருந்த குரல்

1991 டிசம்பர் முதல் வாரத்திலிருந்து எழுத்தாளர் எய்விந்துர் தன் எழுத்தைத் தானே படித்தால் சத்தம் வருவதில்லை. ஐஸ்லாந்தின் வடக்கு ஓரத்தில் இருந்த அந்த மீன்பிடி ஊரில் அந்த வாரம் காட் மீன் விலை சற்று ஏறியிருந்தது. எழுத்தாளர்கள் தங்கள் புத்தகத்தைப் படித்துக்காட்டும் கிறிஸ்துமஸ் வாசிப்புக்கு நூலகத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். எய்விந்துரின் உதடு அசைந்தது, பக்கம் புரண்டது, ஒன்றும் கேட்கவில்லை. நூலகர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு வேறொருவரின் நாவலைக் கையில் திணித்தார். குரல் கணீரென்று வந்தது. மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, குறையொன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

காரணம் எய்விந்துருக்குத் தெரியும். மீன் ஆலையில் வேலை செய்யும் சோல்ரூன் பள்ளியில் அவருடன் படித்தவள். அந்த இலையுதிர்காலத்தில் தன் முதல் புத்தகத்தைக் கொடுத்து, அதைப் பற்றிப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதச் சொல்லியிருந்தாள். அவர் இரண்டு முறை படித்தார். இரண்டாம் முறை முடித்தபோது தன் ஆறு புத்தகங்களும் உமியாகத் தெரிந்தன. நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் ஊரே கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருக்க, அவள் கேட்டபோது, "எங்க நேரம் சோல்ரூன், இன்னும் பிரிக்கவே இல்ல" என்றார்.

"பெரிய எழுத்தாளருக்கு மீன் நாத்தம் ஆகாதாம்" என்றார் படகுக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், அவளும். அதன்பின் அவள் எழுதவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் எய்விந்துர் கிறிஸ்துமஸ் வாசிப்பில் பிறர் புத்தகங்களையே படித்தார். அவர் படித்ததெல்லாம் விற்றது. பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இந்த மனிதர் அப்படி என்னதான் எழுதியிருப்பார் என்று அவருடையதையும் வாங்கிப் போனார்கள். பெருந்தன்மைக்கென்று பரிசு கொடுத்தார்கள். அதை வாங்கிய மேடையில் அவரால் தலை நிமிர முடியவில்லை. மறுநாளே மீன் ஆலைக்குப் போனார்.

"உன் புத்தகத்த நான் அப்பவே படிச்சேன்."

"தெரியும். நீ நூலகத்துக்குத் தள்ளிவிட்ட பிரதியில பக்கத்துக்குப் பக்கம் உன் பென்சில் கோடு." சோல்ரூன் கையுறையைக் கழற்றவில்லை. "நல்லா இருந்துச்சா?"

"என்னோடத விட."

"அத அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னும் மூணு எழுதியிருப்பேன். தள்ளி நில்லு, தண்ணி தெறிக்கும்."

அந்த டிசம்பரில் நூலகத்தில் அவர் அவளுடைய புத்தகத்தை முழுக்கப் படித்துக்காட்டினார். ஏன் இத்தனை தாமதம் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே சொன்னார். அவள் கடைசி வரிசையில் கேட்டுவிட்டு, கைதட்டாமல் வேலைக்குத் திரும்பினாள். ஜனவரிக்குள் இரண்டு பேரின் புத்தகங்களும் தீர்ந்துபோயின. தன் எழுத்தைப் படிக்கும் குரல் மட்டும் அவருக்குத் திரும்பவில்லை. அவரும் மருத்துவரிடம் மறுபடி போகவில்லை. நூலக அறிவிப்புப் பலகையில் ஆண்டுதோறும், "எய்விந்துர் வாசிப்பார், சொந்தப் படைப்புகள் நீங்கலாக. காபி உண்டு" என்று எழுதுகிறார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.