பாஸ்காலின் முழங்கை

பெண் கேட்டு வந்த பாஸ்கால் பிரான்சில் பேஸ்பால் ஆடிப் பிழைக்கிறான் என்றபோது, அரியாங்குப்பத்தில் சுடர்விழியின் அப்பா நாராயணசாமி நம்பவில்லை. பந்து எறிவதற்கு மாதச் சம்பளமா என்று கேட்டார். தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம் பாஸ்காலுடையது. கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்தவனைப் பதினெட்டு வயதில் அத்தை அங்கே கூட்டிப்போனாள். அந்தத் தோளைப் பார்த்த ஒரு கிளப், அவனைப் பேஸ்பாலில் பந்து எறியும் பிட்சராக்கிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகும் குளிர்காலத்துக்கு மட்டும்தான் வந்தான். மார்ச் பிறந்தால் கிளம்பிவிடுவான். சுடர்விழியால் கூடப் போக முடியவில்லை; மாமியார் மார்கரீத் படுத்த படுக்கையாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் ஆட்டம் வரும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பாஸ்கால் நேராக அவளையே பார்ப்பதுபோலத் தெரியும். அவனை ஊரோடு கொண்டுவந்துவிடு என்று மாரியம்மனிடமும் மாதாவிடமும் வேண்டிக்கொண்டாள்.

ஜூன் மாதம் ஒரு ஆட்டத்தில், எறிந்த கையோடு முழங்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தலை நிமிராமல் இறங்கிப் போனான். இன்னொருவன் வந்து எறிய ஆரம்பித்தான், ஆட்டம் நிற்கவில்லை.

ஆபரேஷன் ஆனது. கிளப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஊருக்கு வந்தவன் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தான், தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் வாங்கி வந்தான். ஆனால் சாப்பிடும்போது விரல்கள் தட்டின் ஓரத்தில் பந்தின் தையலைத் தேடுவதுபோல ஊர்ந்துகொண்டேயிருக்கும். பக்கத்தில் இருப்பவனுக்காக ஏங்குவது அவளுக்குப் புதிதாக இருந்தது.

கை தேறிய பிறகு, கீழ்ப் பிரிவு கிளப் ஒன்று ஒரு சீசனுக்குக் கூப்பிட்டது. முடியாதென்று சொல்லப்போவதாக, துணி மடித்துக்கொண்டே சொன்னான்.

"எனக்காகவா?" என்றாள் சுடர்விழி.

"அம்மா இருக்காங்க. நீயும் எவ்ளோ நாளைக்குத் தனியா கெடப்ப?"

"உங்கள இங்கயே வச்சிக்கணும்னு ரொம்ப ஆசப்பட்டேங்க. ஆனா உடம்பு மட்டுந்தான் வந்திருக்கு. போய் எறிஞ்சிட்டு வாங்க."

மறுநாள் டிக்கெட் போட்டான்.

சீசன் முழுக்க எறிந்தான். பழைய வேகம் வரவேயில்லை. அடுத்த வருடத்துக்கும் கேட்டார்கள். போதும் என்று அவனே சொல்லிவிட்டான். மழை விட்ட ஒரு காலையில் வந்து இறங்கியவன், பையைக்கூட வைக்காமல் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, ரொம்பப் பசிக்கிறது, என்ன இருக்கிறது என்று கேட்டான்.

சுடர்விழி தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். கண் ஏன் நிறைகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.